பொருந்துவதெல்லாம் ஒரிஜினல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். மதுரைப் பக்கத்துப் பட்டறைகளையும் மதித்து எழுதியிருந்தது சந்தோஷம். ஆனால் பெரிய படத்துக்குக் கீழே "1965 மாடல் அம்பாசிடர், அச்சு அசல் ஒரிஜினல்" என்று போட்டிருந்தீர்கள். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. பெயிண்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். முன்னால் முகப்பில் மாட்டியிருக்கிற சல்லடைத் தகடு, அதாவது கிரில், மட்டும் மார்க் 4 வண்டியுடையது.

அம்பாசிடரின் அடுத்தடுத்த பதிப்புகளை மார்க் என்று எண் போட்டுச் சொல்வார்கள். மார்க் 2 வந்தது 1963-ல். நெருக்கமான கட்டம் போட்ட கிரில்தான் அதற்கு அடையாளம். 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4. வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து 1965-ல் கிளம்பிய வண்டிக்கு 1979-ல் வரப்போகிற கிரில்லை யார் மாட்டி அனுப்பியிருப்பார்கள்? உரிமையாளரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கேயோ மாட்டின் மீது மோதியிருப்பார், கிடைத்த கிரில்லை மெக்கானிக் மாட்டிவிட்டிருப்பார். இப்படித்தான் நடக்கும். நான் சண்டைக்கு வருவது அந்த "அச்சு அசல்" என்ற சொல்லோடுதான். கட்டுரைக்குள் இன்னொரு வரி: "எல்லா பாகங்களையும் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக வாங்கிப் போட்டு, ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்." கழற்றி எறிந்தது எது என்று நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எமர்ஜென்சி முடிந்த சமயத்தில் வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நின்றவன் நான். கொரோனாவுக்குச் சற்று முன்புதான் உட்கார்ந்தேன். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, புல்லட், ஜாவா எல்லாவற்றின் பாகங்களும் இந்தக் கை வழியாகப் போயிருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகும் பையன்கள் வாட்ஸப்பில் படம் அனுப்பி "இது ஒரிஜினலாண்ணே?" என்று கேட்பது நிற்கவில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அம்பாசிடரில் குழப்பம் வரக் காரணமே அதன் ஆயுசுதான். 1957-ல் தொடங்கி 2014 வரை அந்த உடம்பை அவர்கள் பெரிதாக மாற்றவே இல்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரீஸ் என்ற இங்கிலாந்து வண்டியின் அச்சு அது. அதனால் பிந்தைய வண்டியின் பாகங்களில் பாதிக்கு மேல் முந்தைய வண்டியில் கொஞ்சம் தட்டினால் உட்கார்ந்துவிடும். ஓடுகிற வண்டிக்கு அது வரம். டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவர்களைக் கேளுங்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். புதுப்பிக்கிறவனுக்கு அதுவே வினை. "பொருந்துதுல்ல, அப்புறம் என்னண்ணே?" என்பார்கள். பொருந்தும். ஆனால் அது அந்த வண்டியுடைய பாகம் இல்லை.

கவுண்டரில் நாங்கள் பாகங்களை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம். தொழிற்சாலையில் வண்டி செய்யும்போதே பூட்டியது ஒன்று. கம்பெனியே பிறகு பெட்டியில் போட்டு விற்ற ஸ்பேர் இரண்டாவது. மற்றவர்கள் பார்த்துச் செய்தது மூன்றாவது, அதை லோக்கல் என்போம். வாங்க வருகிறவர்களுக்கு முதலுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அடிபடுவார்கள். கம்பெனிப் பெட்டி, கம்பெனி முத்திரை, விலையும் கம்பெனி விலை. ஆனால் அது பத்து வருஷம் கழித்து, பிந்தைய மாடலுக்காக மாற்றி வார்த்ததாக இருக்கும். பழைய வண்டிக்கும் இதையே போட்டுக்கொள்ளலாம் என்று கம்பெனியே சொல்லியிருக்கும். ஜெனுயின் பாகம்தான், சந்தேகமில்லை. 1965 வண்டியின் பாகமா என்றால் இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பளபளப்பை வைத்து முடியாது. எண்ணை வைத்துத்தான். பாகத்தின் மேல் அடித்திருக்கும் எண்தான் அதற்கு ஜாதகம்.

சென்ற வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். தாத்தா வைத்திருந்த மார்க் 2, மாட்டுக் கொட்டகையில் நின்றிருக்கிறது. மெக்கானிக் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்: பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவை எடுத்துவிட்டு அதே வேலைக்குப் பிந்தைய வகை ஆல்டர்னேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் புதுசு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் புதுசு. "ஐயா, இதெல்லாம் எங்க நல்லதாக் கிடைக்கும்னு சொல்லுங்க, போதும்" என்றான்.

"தம்பி, இருக்கிற டைனமோவ முதல்ல கொண்டா. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுட்டுக் கொண்டா."

கொண்டுவந்தான். மேலே கறுப்பு பெயிண்ட், அதற்குமேல் கிரீஸும் மண்ணும் கலந்து இறுகிப்போன ஒரு படலம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தோம். கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் இந்த இடத்தில் ஆகாது. எழுத்துகள் அவ்வளவு ஆழம் இல்லை, தேய்த்தால் போய்விடும். வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்ததும் உருளையின் உடம்பில், வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் பெயர் தெரிந்தது. பக்கத்தில் மாடல் எண், பாக எண், தள்ளி சின்னதாக ஒரு எண் ஜோடி. பார்க்கிறவர்கள் அந்த ஜோடியை விட்டுவிடுவார்கள். அதுதான் தேதி. லூகாஸ் சாமான்களில் மாதமோ வாரமோ முதலில் வரும், அடுத்து ஆண்டின் கடைசி இரண்டு எண்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலும் இதே மாதிரி அடித்திருக்கும். ஆர்.சி. புக்கில் உள்ள வருஷத்தோடு சேர்த்துப் பார்த்தோம். வண்டி வெளிவந்ததற்குச் சில மாதங்கள் முந்திய தேதி. அப்படித்தான் இருக்க வேண்டும். பாகம் செய்து, பெட்டியில் அடைத்து, உத்தர்பாரா போய்ச் சேர்ந்து, வண்டியில் ஏற நாள் ஆகும் அல்லவா? தேதி வண்டிக்குப் பிந்தியதாக இருந்தால் பிறகு மாற்றியது. ரொம்ப வருஷம் முந்தியதாக இருந்தாலும் வேறு வண்டியிலிருந்து வந்ததோ என்று யோசிக்க வேண்டும்.

அந்த டைனமோவில் போயிருந்தது உள்ளே கரண்ட் எடுக்கும் கார்பன் பிரஷ்ஷும், தண்டு சுழலும் ஒரு புஷ்ஷும்தான். அதை எறிந்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டச் சொல்லித்தான் பட்டியல் எழுதியிருந்தது.

கார்புரேட்டர் கதை இன்னும் மோசம். எஸ்.யு. என்ற பிரிட்டிஷ் வகைக் கார்புரேட்டர் என்றால் மிதவைக் கிண்ணத்தின் மூடியில், ஸ்க்ரூவுக்கு அடியில், விரல் நகம் அளவுக்கு ஒரு அலுமினியத் தகடு இருக்க வேண்டும். ஏ.யு.சி. அல்லது ஏ.யு.டி. என்று தொடங்கும் ஒரு எண் அதில் இருக்கும். எந்த வண்டிக்கு, எந்த இன்ஜினுக்கு என்பதையெல்லாம் அந்த எண்தான் சொல்லும். வெளியிலிருந்து பார்த்தால் எஸ்.யு.க்கள் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே ஊசியும் ஸ்பிரிங்கும் வேறு. சர்வீஸுக்குக் கழற்றும் பையன் அந்தத் தகட்டைக் குப்பை என்று நினைத்து ஊதித் தள்ளிவிடுவான். உசிலம்பட்டி வண்டியில் ஸ்க்ரூ மட்டும் இருந்தது, தகடு இல்லை. அது போனதோடு கார்புரேட்டர் யார் பிள்ளை என்பதும் போயிற்று. தகட்டைப் பார்த்தால் ஒரு படம் எடுத்துவிட்டு, கழற்றிய ஸ்க்ரூவிலேயே கோத்து வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது போல்ட்டு. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், நான் விடமாட்டேன். அம்பாசிடர் மாதிரி, பி.எம்.சி. என்ற இங்கிலாந்துக் கம்பெனி வடிவமைத்த இன்ஜின் உள்ள வண்டிகளில் போல்ட்டின் மரை யு.என்.எஃப்., அதாவது இன்ச் கணக்கு. இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் மெட்ரிக், மில்லிமீட்டர் கணக்கு. ஐந்தில் பதினாறு இன்ச் போல்ட்டின் கனம் 7.94 மி.மீ., நம்ம 8 எம்.எம். போல்ட்டு முழுசாக 8. கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பழையதில் ஒரு இன்ச்சுக்கு 24 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் நடுவில் 1.06 மி.மீ. எட்டில் அது 1.25. இரண்டு சுற்று கையாலேயே ஏறும், பிறகு இறுகும். "துருப்பிடிச்சிருக்கு" என்று ஸ்பானரைப் போட்டு ஒரு இழு இழுப்பார்கள். போச்சு, இன்ஜினின் அடிப்பகுதியான பிளாக்கில் இருந்த மரை போச்சு. ஸ்பானரும் ஏமாற்றும்: அந்த போல்ட்டின் தலை அரை இன்ச், 12.7 மி.மீ. 13 நம்பர் ஸ்பானர் தாராளமாக நுழையும், நாலு தடவை கழற்றினால் தலை உருண்டைதான். பழைய யு.என்.எஃப். போல்ட்டின் தலைமேல் வட்டமாக ஒரு குழி இருக்கும், அல்லது பக்கத்தில் ஒன்றோடொன்று கோத்த வட்டங்கள் இருக்கும். அதைப் பார்த்தால் கழற்றி டப்பாவில் போட்டு வையுங்கள். துருவை எடுத்துக்கொள்ளலாம், மரையை யார் தருவார்கள்?

இன்னொன்று, மதுரைக்காரனாகச் சொல்கிறேன். தலையில் டி.வி.எஸ். என்று பொறித்த போல்ட்டைப் பார்த்ததும் "ஆகா, ஒரிஜினல்" என்று நம்மவர்கள் குதிப்பார்கள். 1911-ல் இந்த ஊரில் பஸ் விட்டுத் தொடங்கிய குடும்பத்தின் பெயர் அது, பெருமைதான். போல்ட்டும் முதல் தரம். ஆனால் அந்த போல்ட்டைச் செய்யும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் உற்பத்தி தொடங்கியது 1966-ல். 1964 வண்டியில் அந்தத் தலையைப் பார்த்தால் யாரோ பிறகு முடுக்கியது என்றுதான் அர்த்தம்.

உடம்பு விஷயத்தில், பள்ளத்தை நிரப்பிப் பூசும் பட்டியும் பெயிண்டும் எதையும் மறைக்கும். நான் வெளிப்பக்கம் பார்ப்பதே இல்லை. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பின்னால், கதவு ரெக்ஸின் அட்டைக்கு உள்ளே, பீடிங் ரப்பருக்கு அடியில் பார்ப்பேன். தொழிற்சாலை போட்ட முதல் நிறம் அங்கேதான் மிச்சம் இருக்கும். தரைத்தகடு சேரும் விளிம்பில் ஸ்பாட் வெல்டிங் குழிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் இருந்தால் அது கம்பெனித் தகடு. கேஸ் வெல்டிங்கின் நெளிந்த வரி ஓடினால் தகடு நம்ம ஊரில் மாறியிருக்கிறது. ஒரு காந்தம் போதும், பட்டி எங்கே எவ்வளவு என்று தெரிந்துவிடும். கைப்பிடி, சின்னம் இதெல்லாம் மசாக் என்ற துத்தநாகக் கலவை வார்ப்பு. பழையதில் குரோமுக்கு அடியில் கொப்புளம் கட்டியிருக்கும், எடையும் தெரியும். லோக்கல் இலகுவாக இருக்கும், எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும்.

எல்லாவற்றிலும் இப்படிப் பிடிவாதம் பிடிக்கச் சொல்லவில்லை. பிரேக் வாஷர், பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய், வயரிங் இதெல்லாம் புதுசு போட்டே ஆக வேண்டும். 60 வருஷத்து ரப்பரை நம்பி ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கினால் ஒரிஜினலாகவே போய்ச் சேரலாம். ஃபேன் பெல்ட்டுக்கு நம்ம கோச்சடை ஃபென்னர் இருக்கிறது. டயர் மட்டும் 5.90-15 அளவில் கிடைக்கிறதா என்று தேடுங்கள், கிடைக்காவிட்டால் யாரும் தூக்கில் போடப் போவதில்லை. இன்னொரு எச்சரிக்கை: அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் வண்டியின் உடம்போடு இணையும். பேட்டரியை இன்றைய பழக்கத்தில் மாட்டிவிட்டு, "லூகாஸ் சாமான் உருப்படாது" என்று திட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் கிழவனின் பித்து என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இதற்காகவே பெரிய வியாபாரம் நடக்கிறது. என் தங்கை மகன் மிச்சிகனில் இருக்கிறான். அவர்கள் "மஸில் கார்" என்று சொல்கிற, பெரிய இன்ஜின் வைத்த வேக வண்டி ரகம், 1969 செவர்லே செவெல் ஒன்றை வாங்கப் போகும்போது எனக்குப் படங்களாக அனுப்பித் தள்ளிவிட்டான். அந்த வருஷம் "எஸ்.எஸ்." (சூப்பர் ஸ்போர்ட்) என்பது தனி மாடல் இல்லை, கூடுதல் பணம் கட்டி வாங்கும் தொகுப்பு. அதனால் சேஸிஸ் எண்ணைப் பார்த்து அது எஸ்.எஸ். வண்டிதானா என்று சொல்ல முடியாது. சாதா வண்டியில் சின்னத்தை ஒட்டி எஸ்.எஸ். என்று விற்கிறவர்கள் உண்டு. தொழிற்சாலையில் வண்டியோடு போட்ட பில்ட் ஷீட் என்ற காகிதம் பெட்ரோல் டேங்குக்கு மேலேயோ சீட்டுக்கு அடியிலேயோ மாட்டியிருந்தால் அதிர்ஷ்டம்.

இல்லாவிட்டால் இன்ஜின்தான் பேச வேண்டும். பிளாக்கில் வார்த்த தேதியை அவர்கள் எழுத்தோடு வார்ப்பார்கள்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். "சி 12 9" என்றால் மார்ச் 12, 1969. ஆண்டுக்கு ஒரே ஒரு எண்தான், ஆகவே 1979 பிளாக்கிலும் அதே 9 இருக்கும். வார்ப்பு எண்ணையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பத்து வருஷம் ஏமாறலாம். பிளாக்கின் முன்பக்கம் ஒரு சின்ன மட்டமான இடம், அதில் இன்ஜின் கூட்டிய தேதியும், எந்த வகை என்ற குறியும், வண்டி எண்ணின் ஒரு பகுதியும் அடித்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு வேண்டிய எண்ணைப் புதிதாக அடிக்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த இடத்தைத் தொழிற்சாலையில் இயந்திரத்தால் இழைத்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் எழுத்துக்கு அடியில் தெரிய வேண்டும். கிரைண்டர் ஓட்டினால் கோடு போய்விடும். தங்கை மகன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண் அழகாக இருந்தது, கோடு ஒன்றைக்கூடக் காணோம். "மாப்ள, வண்டி நல்லா இருக்கு, வெலதான் நல்லா இல்ல" என்று எழுதினேன். அவன் வேறு வண்டி பார்த்துக்கொண்டான்.

நம்ம ஊரில் அவ்வளவு பணம் புரளவில்லைதான். ஆனால் ஒரிஜினல் என்பது இப்போது சட்டத்திலும் வந்துவிட்டது. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு "விண்டேஜ்" என்று தனிப் பதிவு கொண்டுவந்தது. புதிதாகப் பதிகிற வண்டிக்கு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் ஆகாது. இதில் முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. தேனி, திண்டுக்கல், சிவகங்கை என்று எங்கே பார்த்தாலும் பழைய அம்பாசிடர்களில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றியிருக்கிறார்கள். பெட்ரோல் விற்ற விலைக்கு அன்று அது நியாயம். இறக்கிய 1489 சி.சி. இன்ஜின் எங்கே போனது? பாதி பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போனது. மீதி இன்னும் பட்டறை மூலைகளில், கிணற்று மோட்டார் கொட்டகைகளில் கிடக்கிறது. உங்கள் வீட்டு வண்டியிலிருந்து இறங்கிய இன்ஜின் கிடக்கிறதா என்று பழைய மெக்கானிக்கை ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். எண்ணை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகாத இன்ஜினில் எண்ணைச் சுரண்டி அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள், அது குற்றம்.

உசிலம்பட்டிப் பையன் சமாச்சாரத்தைச் சொல்லி முடிக்கிறேன். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டையும் சரிபண்ணி மாட்டிவிட்டான். ஆனால் அவன் என்னிடம் வருவதற்கு முன்பே முதல் பட்டறையில் பம்பர், கைப்பிடிகள், மீட்டர் போர்டு எல்லாம் கழன்று, "பழசு எதுக்கு தம்பி?" என்ற கேள்வியோடு எடைக்குப் போய்விட்டன. பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர் வழக்கம் அது, இவன் கேட்கவும் இல்லை. அவற்றுக்காகப் பையன் இப்போது பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற சென்னை புதுப்பேட்டைக்கு அலைந்துகொண்டிருக்கிறான்.

ஆகவே வண்டியைப் பட்டறையில் விடும் நாளிலேயே எஸ்டிமேட் தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: "கழற்றும் பாகங்கள் அனைத்தும் உரிமையாளருக்கே." ஒவ்வொன்றையும் கழற்றும்முன் போனில் ஒரு படம், கழற்றிய பின் எண் தெரிகிற மாதிரி ஒரு படம். சாக்கில் போட்டு, எந்தப் பக்கத்துக் கதவு, எந்த விளக்கு என்று அட்டையில் எழுதிக் கட்டுங்கள். புதுசு வந்ததும் பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்காமல் சாக்கைக் கொடுக்காதீர்கள். கெட்டுப்போனதாகவே இருந்தாலும் வண்டி இருக்கிறவரை சாக்கும் இருக்கட்டும். விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள், விவரம் தெரிந்தவர் அதற்குத் தனியாக விலை போடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்பேர்பார்ட்ஸ் கடை ஊழியர்,
பழங்காநத்தம், மதுரை.